முப்பத்தேழாவது ஸ்லாப்

34

இந்தக் கதை நான் போடாமல் விட்ட ஒரு கையெழுத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நவம்பர், விடியற்காலை ஐந்தே கால். வெளியே மழை. செய்யார் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் இளமதி ஒரு தாளை நீட்டினாள். கால்வாய்க்கு ஸ்லாப் கேட்டு அவளும் கூட்டாளிகளும் எழுதிய மனு.

"ஒரு கையெழுத்தும்மா. தெருவே போட்டுச்சு, பெத்தவ மட்டும் போடல."

"கையெல்லாம் மாவா இருக்குது. சாயங்காலம் போடறேன், போ."

"ஆபீசருங்க மாதிரியே பேசற" என்று சிரித்தாள். குடையை விரித்தாள். போனாள்.

இதைவிட எடுப்பான தொடக்கம் கிடைக்குமா என்று பார்த்தேன். "சிறுவயது முதலே சமூக அக்கறை கொண்ட இளமதி" — (அடித்துவிட்டேன். சிறுவயதில் அவள் குழாயடியில் குடத்தை உருட்டிவிட்டுச் சண்டை போட்டவள்.) "ஆரணியின் பட்டு நெசவுத் தெரு ஒன்றில்" — (இதையும் அடித்துவிட்டேன்.)

பகுதிகளுக்கு 34 முதல் எண் போடுகிறேன். எங்கள் வீட்டு வாசலில் இருக்கும் ஸ்லாபின் எண் அது. போட்டவள் அவள்.

35

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். இளமதி, அவளோடு கம்பெனியில் வேலை செய்யும் பவித்ரா, பவர்லூம் ஓட்டும் தமிழ்வாணன். ஒரு டப்பா சிவப்புப் பெயிண்ட். தெருக் கால்வாயின் ஸ்லாப்களுக்கு வரிசையாக எண் எழுதினார்கள். ஸ்லாப் இல்லாத இடத்தில் கரையில் எழுதினார்கள். மொத்தம் அறுபத்து நான்கு. உடைந்தது பதினொன்று, இல்லாதது ஒன்பது. எல்லாவற்றையும் இளமதி ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு சுப்பராயலு வாசலில் நின்று பார்த்தார். அவரும் எங்களைப் போல நெசவாளி, வாயும் ஓயாது.

"இன்னாம்மா, ஸ்லாபுக்கெல்லாம் ரேஷன் கார்டு குடுக்கப் போறீங்களா?"

"ஆமா மாமா. உங்க வாசல்ல இருக்கிறது நடுவுல ஒடஞ்சிகினு நிக்குது. அதுக்கு முதியோர் பென்ஷனும் கேட்டிருக்கோம்."

அன்று அவர்தான் முதல் கையெழுத்துப் போட்டார்.

(இளைஞர்கள் ஊருக்காக முன்வர வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறார்கள். முன்வந்தவர்கள் கால் வைக்கும் இடத்தைத் திறந்து போட்டது யார் என்று எந்த மேடையிலும் கேட்டதில்லை.)

36

இந்தப் பகுதியை நான்கு தடவை எழுதினேன். மூன்று தடவை "ஸ்லாப் திறந்து கிடந்தது" என்று வந்தது. தானாகத் திறந்துகொள்ளும் ஸ்லாபை நான் பார்த்ததில்லை.

எடுத்தது நான்.

நெசவு தெரியாதவர்களுக்கு: தறியில் ஏற்றுமுன், சேலையில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக் காயவைக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஆடாத முளை வேண்டும். முன்பு மண்ணில் அடித்தோம். சிமெண்ட் ரோடு வந்தபின் அடிக்க மண் இல்லை. போட்டவர்கள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அதனால் கடப்பாரையால் 37-ஆம் ஸ்லாபை நெம்பி எடுத்து, கால்வாய்க்குள் ஒரு முளையை நிறுத்தி, மறுமுனையைத் தெரு விளக்குக் கம்பத்தில் இழுத்துப் பாவு கட்டுவோம். முடிந்ததும் மூடிவிடுவோம். பல வருஷமாக இதுதான் பழக்கம்.

காலையில் செய்ய வேண்டிய வேலை அது. இளமதி குடையோடு கிளம்பியதற்கு முந்தின நாள் காலை மூட்டம். மாலையில் வெயில் தலைகாட்டியதும் கட்டினோம். ஸ்லாபை ஒரு பக்கம் நானும் மறுபக்கம் சுப்பராயலுவும் தூக்கி ஓரமாக வைத்தோம். கஞ்சி காயும் நேரத்தில் மழை இறங்கியது.

"ஜல்தி, ஜல்தி, பட்டு நனையுது."

வேலைக்குப் போயிருந்த இளமதி, பவித்ரா, தமிழ்வாணனைத் தவிர தெருவே ஓடிவந்து பாவைச் சுருட்டியது. முளையையும் பிடுங்கி உள்ளே கொண்டுபோனோம். ஓர் இழைகூட நனையவில்லை. அதற்காக அன்று சந்தோஷப்பட்டேன். இதை அடிக்கப் போவதில்லை.

விடியும்போது ரோடும் கால்வாயும் ஒரே தண்ணீராக இருந்தது. தெரு விளக்கு எரியவில்லை. ஆனால் இளமதிக்கு வெளிச்சம் தேவையில்லை. எது உடைந்தது, எது இல்லை என்று அவளுக்கு மனப்பாடம். தன் நோட்டில் 37-க்கு நேராக அவள் "நல்லா இருக்கு" என்று எழுதியிருந்தாள். அதை நம்பிக் கால் வைத்தாள்.

தலையில் அடி. இரண்டு நாள் இருந்தாள்.

38

(நடுவில் ஒரு எண் இல்லை. தெரிந்துதான் விட்டிருக்கிறேன்.)

முப்பதாம் நாள் கழிந்து பவித்ராவும் தமிழ்வாணனும் புது மனுவோடு வந்தார்கள். "37-ஆம் ஸ்லாப் ஆரம்பத்திலிருந்தே போடப்படவில்லை" என்று அதில் இருந்தது.

"நீங்க கையெழுத்து போட்டா யாரும் தட்ட முடியாது ஆன்ட்டி" என்றாள் பவித்ரா. "அப்படியே அவள பத்தி ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. மத்த தெரு பசங்களுக்குப் படிச்சுக் காட்டணும்."

"நோட்டுல 37 இன்னான்னு இருக்குது?"

"நல்லா இருக்குன்னு. அத்த மாத்திட்டோம்னா..."

"மாத்த வேணாம். அது இருந்துச்சு. நான்தான் எடுத்தேன்."

தமிழ்வாணன் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தான்.

"நாங்க ஒரு மாசமா கான்ட்ராக்டர திட்டிகினு இருக்கோம்" என்றான். "நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுகினு இருந்தீங்க."

"இருந்தேன்."

எழுந்து போய்விட்டான். பவித்ரா குரலை இறக்கினாள். "இது வெளிய தெரிஞ்சா, நீங்களே தொறந்துட்டு எங்கள கேக்கறீங்களான்னு மனுவ தூக்கிப் போட்டுடுவாங்க. கேட்ட ஸ்லாபெல்லாம் போயிடும் ஆன்ட்டி."

அவள் சொன்னது சரிதான். 

39

இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் கையெழுத்துப் போடுகிறேன். ஸ்லாப்கள் வருகின்றன. தெருமுனையில் இளமதி பெயரில் போர்டு. ஆனால் அந்தக் கதையில் அவளுக்கு எண்ணத் தெரியாது. இருந்ததையும் இல்லாததையும் பிரித்துப் பார்க்க மூன்று ஞாயிறு வெயிலில் குனிந்து நின்றவளை, செத்தபின் தப்பாக எண்ணியவள் ஆக்குகிறேன்.

இரண்டாவதில் உண்மையைச் சொல்லி அழுகிறேன். பெற்றோர் கவனக்குறைவு என்று எழுதிக் கோப்பை மூடுகிறார்கள். என் அழுகை அவர்களுக்கு வசதியாகப் போகிறது.

இரண்டையும் கிழித்தேன். என் தப்பை ஒப்புக்கொள்வேன். அதைச் சாக்காக வைத்து யாரும் கைகழுவ விடமாட்டேன்.

மறுநாள் தமிழ்வாணன் தானாக வந்தான். உட்காரவில்லை. நோட்டை என் மடியில் வைத்தான்.

"உங்க மேல கோவம் போவல. போவாது. ஆனா அவ நோட்ட திருத்த நானும் ஒத்துக்க மாட்டேன். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்."

சொல்லச் சொல்ல எழுதினான். சுப்பராயலு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேஸ் ஆயிடும்மா" என்றார்.

"ஆவட்டும்."

வாசற்படி தாண்டி உள்ளே வந்தார். பிறகு, "கடப்பாரை என்னுதுன்னு அதுலயே போட்டுக்கோ தம்பி" என்றார்.

37

மனுவில் இருப்பது இது:

"37-ஆம் ஸ்லாப் நல்ல நிலையில் இருந்தது. அதை எடுத்தவர்களும் மூட மறந்தவர்களும் கீழே கையெழுத்திட்டுள்ளோம். பாவு கட்ட முளை நிறுத்த இடம் இல்லாததால் எடுத்தோம். இடம் இல்லாமல் ரோடு போட்டபோது எங்களை யாரும் கேட்கவில்லை. இனிக் கேளுங்கள். இருபது ஸ்லாப் வேண்டும். தெருவின் இரு முனையிலும் முளை நிறுத்த இரும்புக் குழாய் பதித்த குழி வேண்டும். எங்கே என்று எங்கள் பிள்ளைகள் அளந்து வைத்திருக்கிறார்கள்."

முதல் கையெழுத்து என்னுடையது. சாயங்காலம் போடுவதாகச் சொன்னது.

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு நாள். பவித்ரா லீவு போட்டுவிட்டாள். பக்கத்துத் தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் வருகிறார்கள். தங்கள் தெருவை எண்ணி முடித்தவர்கள். மனுவை வாங்குவார்களா, என் மேல் கேஸ் போடுவார்களா என்று இப்போது தெரியாது. தெரியாததை நான் எழுத மாட்டேன். இதைப் படிக்கும் நீங்கள் ஒரு முடிவு வைக்க விரும்பினால் எழுந்து வாசலுக்குப் போங்கள். உங்கள் தெருவில் எது திறந்திருக்கிறது, திறந்தது யார் என்று பாருங்கள்.

37-ஐ நாங்கள் திரும்ப மூடிவிட்டோம். அதன்பின் பெய்த இரண்டு மழையின் தண்ணீர் அதன் மேல் ஓடிவிட்டது. சிவப்பு எண் அப்படியே இருக்கிறது, 3 மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து.