தளர்ந்த ஒயர்

"தூறல் போட்டாலே நம்ம டிஷ்ஷுக்கு ஜலதோஷம் பிடிச்சுக்குது. கேபிளுக்கு மாறிடலாமா?" என்று போன வாரம் கணவன் கேட்டிருந்தான்.

"எதுக்குங்க? நல்லாத்தானே இருக்கு."

"எது, அந்த வெறும் நீலத் திரையா?"

அவள் மழுப்பிவிட்டாள். மழை வரும்போதெல்லாம் செட்டாப் பாக்ஸின் பின்னால் ஒயரைத் தளர்த்துபவளே அவள்தான். படம் நின்றால்தான் அவன் அவள் பக்கம் திரும்பி உட்காருவான். ஆபீஸ் கதைகள் சொல்லிச் சிரிப்பான்.

நேற்றைய தூறலில் தளர்த்தியதை மறுபடி முடுக்க மறந்துவிட்டாள். விடிந்தும் படம் வராததால் கணவன் கேபிள்காரரையே வரவழைத்துவிட்டான். அவர் பாக்ஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"டிஷ்ல ஒரு குறையும் இல்ல சார். இந்த ஒயரை யாரோ கையால திருகி விட்டிருக்காங்க. கேபிள் போட்டாலும் இதே கதைதான்."

வீட்டில் இருப்பதே இரண்டு பேர். கணவன் மெல்லத் திரும்பினான்.

"நீயா?"

நாக்கு நுனிவரை வந்த பொய்யை அவள் விழுங்கினாள்.

"டிஷ்ஷோ கேபிளோ, எது வேணா வச்சுக்கோங்க. தினமும் அரை மணி நேரம் அதை அணைச்சிட்டு என்கூட பேசுங்க."