தேன் எடுப்பவன்

தோண்டுவதற்குத் திங்கட்கிழமை என்று நாள் குறித்தாகிவிட்டது. ஜீவராணி ஓய்வுபெற இன்னும் பத்து வாரம்தான் இருந்தது. தொல்பொருள் ஆய்வில் முப்பத்திரண்டு வருஷம். கிழக்குக் காடுகளில் பாம்போடும் உண்ணியோடும் குடித்தனம் நடத்தி, ஆதிவாசிகள் சாம்பலைக் குழைத்துப் பாறையில் வரைந்த வெள்ளை உருவங்களை ஒவ்வொன்றாக அளந்து பதிந்தவள் அவள். அத்தனை பாடும் ஒரு பக்கம் இருக்க, அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ராகலைக்கு மேலே, தேயிலை மலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் இருந்த ஒரு குகை. குகை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மழைக்குப் பத்துப் பேர் ஒதுங்கலாம், அவ்வளவுதான்.

அதன் சுவரில் ஐந்து உருவங்கள். நடுவில் இருப்பது பெரியது: சற்றே முன்னால் குனிந்த ஆள், முதுகில் பெரிய பை, பையிலிருந்து மேலேறி உச்சந்தலையில் முடியும் ஒரு கோடு, இடுப்பில் அகலமான பட்டை. பைக்குள் ஒரு சின்ன உருவம். பக்கத்தில் கையில் ஏதோ ஆயுதத்தோடு ஒருவன், இன்னும் இருவர். இருபத்தோரு வருஷத்துக்கு முன் ஜீவராணி அதைக் கண்டுபிடித்தபோது, தேன் தேடி ஆதிவாசிகள் இவ்வளவு உயரத்துக்கும் வந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி என்று எழுதினாள். பை, தோலால் செய்த தேன் பை. பட்டை, மரவுரி. சின்ன உருவம், வேட்டையில் கிடைத்த பிராணி. மற்றவன் கையில் இருப்பது கோடரி. நடு உருவத்துக்கு அவள் வைத்த பெயர் 'தேன் எடுப்பவன்'. அதுவே அவள் புத்தகத்தின் அட்டைப் படமும் ஆயிற்று. குகைக்குக் கம்பி வேலி வந்தது, இரும்புக் கதவு வந்தது, மூன்று மொழியில் பலகை வந்தது.

குகையின் தரையை மட்டும் அவள் தோண்டாமல் விட்டிருந்தாள். இப்போதுதான் அதற்கு அனுமதியும் பணமும் ஒன்றாகக் கிடைத்தன. போகும்போது ஒரு நல்ல வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று அவளுக்கு ஆசை.

வெள்ளிக்கிழமை காலை, இடத்தைப் பார்த்து நூல் கட்டி வைக்க, உதவி ஆய்வாளர் லோஜினியைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறினாள். லோஜினி கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. அவளுடைய கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வும் இந்தத் தரையை நம்பித்தான் இருந்தது. இரும்புக் கதவுக்கு முன்னால் ஓர் அம்மா குந்தியிருந்தாள். அறுபது வயதிருக்கும். கம்பளிச் சட்டைக்கு மேல் துவாலையைப் போர்த்திக்கொண்டு, மடியில் ஒரு பொலித்தீன் பையோடு இருந்தவள், இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"மேடம், இந்த எடத்தத் தோண்டப் போறீங்களாமே?"

"ஆமாக்கா. திங்கக்கிழம தொடங்குறோம்" என்றாள் ஜீவராணி. தோட்டத்து ஆட்களைக் கண்டால் அவள் நாக்கு தானாகவே, தான் பிறந்து வளர்ந்த கந்தப்பளைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்விடும்.

"வேணாம் மேடம். உள்ள எங்க தம்பி இருக்கான்."

லோஜினிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யாரு உள்ள போனது? போகக் கூடாதுன்னு போர்டு போட்டிருக்குல்ல?"

"போர்டு வக்கிறதுக்கு ரொம்ப முந்தியே போயிட்டான் புள்ள" என்றாள் அந்த அம்மா. "நாப்பத்தெட்டு வருஷமாச்சு."

அவள் பெயர் மீனம்மா. தோட்டத்தின் கீழ்ப் பிரிவு லயத்துக்காரி. வேலையிலிருந்து நின்று மூன்று வருஷமாகிறது. அவளை ஒரு கல்லில் உட்காரச் சொல்லி, ஜீவராணியும் எதிரில் உட்கார்ந்தாள். கேட்டுவிட்டு அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள்.

"எழுவத்தேழு ஆகஸ்ட்டுக் கலவரம் மேடம், தமிழாளுகள அடிச்சு வெரட்டுனாங்களே. எனக்குப் பன்னெண்டு வயசு. லயத்துக்கு நெருப்பு வச்சிட்டாங்க. எடுக்க நேரமில்ல, உடுத்த துணியோட ஓடுனோம். தம்பி பொறந்து இருவத்துநாலு நாளு. அம்மா அவன கொழுந்துக் கூடையில போட்டு, கயித்தத் தலையில மாட்டிக்கிட்டு மல ஏறுச்சு. மழைன்னா அப்படி ஒரு மழ. இங்க வந்து அஞ்சு நாளு கெடந்தோம். மொத நா மட்டுந்தான் நெருப்பு வச்சோம். பொறகு பொக தெரியும்னு அப்பா வக்க விடல. பக்கத்துக் கிராமத்துலருந்து ஒரு சிங்கள அய்யா கெழங்கு அவிச்சுக் கொண்டாந்து, கீழ பாதையில வச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போவாரு. அந்த மனுசன் இல்லேன்னா நாங்களும் இல்ல."

"தம்பி?"

"குளிரு மேடம். அம்மாவுக்குப் பாலும் வத்திப்போச்சு. மூணாம் நா விடிய விடிய அழுதான். காலையில சத்தம் இல்ல." மீனம்மா துவாலையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "எங்க கொண்டு போய்ப் பொதைக்கிறது? கீழ எறங்க முடியாது. உள்ளயே, அந்த மூலக் கல்லுக்குக் கீழ அப்பா குழி வெட்டுனாரு. தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியாலதான். வேற என்ன இருந்துச்சு எங்ககிட்ட?"

அந்த ஆகஸ்ட் மாதம் கந்தப்பளையில் தன் லயத்துக்கு ஒன்றும் நேரவில்லை என்பது ஜீவராணிக்கு நினைவு வந்தது. பள்ளிக்கூடம் பூட்டிவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்ட ஞாபகம்.

"அண்ணனும் நானும் அழுதா கீழ கேக்கும்னு, அம்மா அந்த மொத நா சாம்பல எச்சில்ல கொழச்சு சுவத்துல படம் போட்டுக் காட்டும். இது அப்பா, இது நீ, இது அண்ணன்னு. தம்பியப் பொதச்ச அன்னிக்கு அது தன்னையே போட்டுச்சு. கூடையோட. கூடைக்குள்ள அவனையும் போட்டுச்சு. 'இங்கதான்டி இருக்கான், எங்கயும் போகல'ன்னு சொல்லுச்சு."

அவள் எழுந்து பலகைக்கு முன்னால் போய் நின்று, அதில் அச்சடித்திருந்த பெரிய உருவத்தை விரலால் தொட்டாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"எங்கம்மாவ ஏன் மேடம் ஆம்பளையாக்கி வச்சிருக்கீங்க?"

ஜீவராணி கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அந்தச் சுவரை அவள் எத்தனை நாள் பார்த்திருப்பாள்! மில்லிமீட்டர் கணக்கில் அளந்தவள். ஒவ்வொரு கோட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வரைந்துவிடுவாள். இப்போது பார்த்த மாத்திரத்தில் அது கூடை. வேறு எதுவாகவும் இருக்க முடியாது. தலையில் மாட்டிய கயிறு, பாரத்துக்கு முன்னால் குனிந்த கழுத்து, செடி கிழிக்காமல் இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்கு. விடியற்காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போகும் பெண் ஒருத்தி அங்கே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவன் கையில் கோடரியும் இல்லை, ஒன்றும் இல்லை, கவ்வாத்துக் கத்தி.

வெள்ளைக்காரன் ஒருவன் இந்தத் தப்பைச் செய்திருந்தால் பாவம், தெரியாது என்று விட்டுவிடலாம். இவளுடைய தாய் முப்பத்தைந்து வருஷம் அதே கயிற்றைத் தலையில் மாட்டியவள். கயிறு அழுத்தி அழுத்தி உச்சியில் முடி முளைக்காத ஒரு தடமே விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தடத்தில் எண்ணெய் வைத்துவிட்டதே இந்த ஜீவராணிதான். பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது, அம்மா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிப் பேச்சை மாற்றினாள். கூடையை விட்டு எவ்வளவு தூரம் ஓட முடியுமோ அவ்வளவு தூரம் ஓடி, பல ஆயிரம் வருஷத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டவள் அவள். நின்ற இடத்திலும் கூடைதான் வந்து நின்றிருக்கிறது. அதை அவள் தேன் பை என்று எழுதிவிட்டாள்.

அதைவிட வெட்கக்கேடான ஒன்றும் இருந்தது. புத்தகம் அச்சுக்குப் போகுமுன் இந்தப் படத்தைக் கிழக்கே ஓர் ஆதிவாசிக் கிராமத்துக்குக் கொண்டுபோய்க் காட்டியிருந்தாள். அங்கே ஒரு பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, இது எங்கள் கை இல்லை என்றார். நாங்கள் பையைத் தோளில் போடுவோம், தலையில் மாட்ட மாட்டோம் என்று விளக்கமாகவே சொன்னார். அவருக்கு மறதி, அவர் காலத்துக்கு முன்பே பழக்கம் விட்டுப்போயிற்று என்று காரணம் கண்டுபிடித்து, அந்தப் பேச்சை அவள் புத்தகத்தில் சேர்க்காமலே விட்டாள். அவர்களுடைய மரபைக் காப்பாற்றுகிறேன் என்று மேடைக்கு மேடை பேசியவள், அவர்கள் வாயால் சொன்ன ஒரே ஒரு வார்த்தையைக் கேட்கவில்லை.

லோஜினி பின்னால் வந்து நின்றாள். அவளும் பார்த்துவிட்டாள் என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"மேடம், மழைன்னு எழுதி ஒத்திப் போட்டுருவோம்" என்றாள் மெதுவாக. "யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். பத்து வாரத்துல நீங்க போயிருவீங்க. பேர் கெடாமப் போங்க. இதுக்கு ஆதாரம்னு அந்த அம்மா பேச்சுத்தானே இருக்கு?"

"ஆதாரம் சுவத்துல இருக்கு லோஜினி. நீ பாத்துட்டேல்ல?"

லோஜினி தலை குனிந்துகொண்டாள்.

பொய் சொல்வானேன், ஜீவராணிக்கு ஆசை வராமல் இல்லை. மழை என்று ஒரு வரி எழுதினால் போதும். பிரியாவிடைக் கூட்டத்தில் பொன்னாடை போர்த்துவார்கள், அந்த அட்டைப் படத்தைச் சட்டம் போட்டுக் கையில் கொடுப்பார்கள். மழைக்காலம் முடிந்ததும் வேறொருவர் வந்து, மூலைக் கல்லைப் புரட்டுவார். இருபத்தாறு நாள் குழந்தையின் எலும்பைத் தூரிகையால் துடைத்து, இலக்கம் எழுதி, பெட்டியில் போட்டுக் கொழும்புக்கு அனுப்புவார். ஆதிகாலத்துச் சிசு என்று அதைப் பற்றி இன்னொரு புத்தகம் வரும்.

வெளியே வந்து, மீனம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இத்தன வருஷம் ஏங்க்கா யாருகிட்டயும் சொல்லல?"

"சொன்னேன் மேடம். மொத காவலுக்கு வந்த வாச்சர்கிட்ட சொன்னேன், சிரிச்சான். போட்டோ எடுக்க வந்த தொரைகிட்ட சொன்னேன், அவரு எழுதிக்கல. அப்புறம் நானே யோசிச்சேன். வேலி போட்டுட்டாங்க. இனி எவனும் அவன் மேல கால வச்சு நடக்க மாட்டான். ஆடு மாடு போகாது, குடிகாரப் பயலுக போக மாட்டானுக. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். வருஷத்துக்கு ஒருக்கா கம்பிக்கு வெளிய நின்னு சூடம் கொளுத்திட்டுப் போவேன். இப்பத் தோண்டப் போறாங்கன்னு கேட்டதும்தான் ஓடியாந்தேன்."

"தோண்ட மாட்டோம்க்கா. நான் எழுதித் தாறேன். நான் எழுதின புத்தகம் தப்புன்னும் எழுதுறேன்."

"அப்ப வேலிய எடுத்துருவாங்களா?"

ஜீவராணி இதற்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பொய் சொல்லிச் சொல்லித்தானே இங்கே வந்து நிற்கிறது? "தெரியலக்கா" என்றாள். "ரொம்பப் பழசா இருந்தாத்தான் சட்டம் காப்பாத்தும். இத வேலியோட விடச் சொல்லிக் கேப்பேன். அவங்க என்ன சொல்வாங்களோ தெரியாது. நான் உசிரோட இருக்குற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

மீனம்மா யோசித்தாள். பிறகு, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள்.

ஜீவராணி பையிலிருந்து புதிய பதிவுப் படிவம் ஒன்றை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு பாறை ஓவியத்துக்கும் ஒன்று உண்டு: இடம், உயரம், நிறம், காலம், வரைந்தவர். இப்படி நானூறு படிவங்களுக்கு மேல் அவள் நிரப்பியிருக்கிறாள். கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றிலும் எழுதியது ஒரே சொல்தான்: தெரியவில்லை. காலம் என்ற இடத்தில் 1977 ஆகஸ்ட் என்று எழுதினாள்.

"அம்மா பேரு என்னக்கா?"

"அங்கம்மா."

"தம்பி பேரு?"

"பேரு வக்கல மேடம். முப்பது கழிஞ்சு வக்கலாம்னு இருந்தாங்க. நாலு நாளுதான் பாக்கி இருந்துச்சு." மீனம்மா கொஞ்சம் தயங்கினாள். "அவன் பொறந்ததும் எதுலயும் பதியல, போனதும் பதியல. அம்மா அப்பா, அண்ணன் யாரும் இப்ப இல்ல. நானும் போயிட்டா, அப்படி ஒருத்தன் இருந்தான்னு சொல்ல ஆள் இல்ல."

ஜீவராணி எழுதி முடித்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று மீனம்மா கேட்டாள். அவள் வாசித்துக் காட்டினாள்.

"வரைந்தவர்: அங்கம்மா, கொழுந்து பறிப்பவர். உருவம்: அங்கம்மா தன் மகனைக் கூடையில் சுமந்து செல்கிறார். மகன் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். வயது இருபத்தாறு நாள்."

மீனம்மா கண்ணைத் துடைக்கவில்லை. அப்படியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா வாசிங்க மேடம்" என்றாள்.

ஜீவராணி திரும்பத் தொடங்கினாள். 'கூடையில்' என்ற இடத்துக்கு மேல் அவளால் வாசிக்க முடியவில்லை. லோஜினி படிவத்தை வாங்கி, மீதியை வாசித்து முடித்தாள்.