இடப்பக்கத்துச் சுவர்

தொண்ணூற்று மூன்று மணி நேரமாக அந்தச் சரக்குக் கப்பல் அணைக்கு மேற்புறம் ஆற்றில் நங்கூரமிட்டு நின்றது. முதல் நாள் மூடுபனி. அதற்குப் பிறகு வரிசை. முன்னால் நின்றவை எல்லாம் மணலும் நிலக்கரியும் ஏற்றியவை. கரைக்குப் போகப் படகு கிடையாது.

ஷூயானுக்கு அந்தக் கப்பலில் மூன்று இடங்கள் இருந்தன: சமையலறை, படுக்கும் அறை, கப்பலின் முனை. எங்கே போனாலும், அவளோடு சேர்ந்து இசை செய்யும் தெங் வந்துவிடுவான். கையில் ஹெட்போன் இருக்கும்.

"இதைக் கேளு. இடப்பக்கம் தண்ணிச் சத்தம் ரொம்ப முன்னால வருதா?"

அவள் கண்ணை மூடிக்கொள்வாள். "கொஞ்சம் குறைச்சா நல்லாருக்கும்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு. என் கை, உன் காது." சொல்லிவிட்டுப் போவான். ஐந்து வருடமாக அவன் சொல்லி வருவது அது.

அவளுடைய இடது காது ஜூன் மாதத்தில் போயிருந்தது. ஒரு காலையில் எழுந்தபோது அந்தப் பக்கம் பஞ்சு அடைத்ததுபோல இருந்தது. சளி என்று நினைத்தாள். நான்கு ஊர்களில் கச்சேரி ஒப்புக்கொண்டிருந்தார்கள். எல்லாம் முடிந்து, மூன்று வாரம் கழித்து மருத்துவரிடம் போனபோது, முதல் வாரமே வந்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்டார். ஒரு தடவைதான் கேட்டார். இப்போது நவம்பர்.

தனியாக இருக்கும்போது ஹெட்போனை மாற்றிப் போட்டு, இடது பக்கத்தை வலது காதால் கேட்டுக்கொள்வாள். தெங் எதிரில் இருந்தால் அது முடியாது. அப்போது பதிவுக் கருவியைப் பார்ப்பாள். அதில் இரண்டு பச்சைக் கோடுகள் உண்டு. மேலே இருப்பது இடது. கோடு துள்ளினால் ஒலி வருகிறது. ஐந்து மாதமாக அந்தக் கோடுதான் அவளுடைய இடது காது.

சொல்லிவிடலாம். சொன்னால் அவன் கோபப்பட மாட்டான். வருத்தப்படுவான், அதுதான் மோசம். அவர்களுடைய இசையில் தாளம் இல்லை, பாட்டு இல்லை. அவள் ஊதும் ஷெங் என்ற மூங்கில் குழல் வாத்தியம், அதன் ஓசையை இழுத்து, மெதுவாக்கி, பக்கம் மாற்றும் அவனுடைய பெட்டி, அவ்வளவுதான். எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதே அந்த இசை. அந்தப் பெட்டிக்குள் அவள் வாசித்த துண்டுகள் அறுநூறுக்கு மேல் கிடந்தன. அவள் கை இல்லாமலும் அவனால் நடத்த முடியும். காதுக்காகத்தான் அவள் வேண்டியிருந்தாள்.

நான்காம் நாள் காலை சமையலறை அடுப்புக்கு மேலே ஷெங்கைப் பிடித்துச் சூடு காட்டிக்கொண்டிருந்தாள். குளிரில் ஊதினால் மூச்சின் ஈரம் உள்ளே இருக்கும் பித்தளை நாக்குகளில் படிந்து சுருதி இறங்கிவிடும். கேப்டனின் மனைவி லியாவ் கடுகுத்தண்டு ஊறுகாயை நறுக்கிக்கொண்டே பார்த்தாள்.

"கோழிய வாட்டுற மாதிரியே வாட்டுற. உப்பு கிப்பு தடவணுமா?"

"கருகாம இருந்தாப் போதும் அக்கா."

கேப்டன் ஷியாங் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசலில் நின்றார். "நாலு நாளா ஒரே சுரம். என் இஞ்சினே ரெண்டு சுரம் பாடும்மா."

"உங்க இஞ்சினுக்கு மூச்சு வாங்க நிறுத்தணும். இதுக்கு வேண்டாம்," என்றான் தெங். "ஊதினாலும் சத்தம், உறிஞ்சினாலும் சத்தம்."

"உறிஞ்சினா சத்தம் வர்றது எங்க வீட்டுலயும் இருக்கு," என்றாள் லியாவ், கணவரின் கிண்ணத்தைக் காட்டி.

அப்போது மேலே ரேடியோ அவர்களுடைய எண்ணைக் கூப்பிட்டது.

அணையைக் கப்பல்கள் படிபோல அமைந்த ஐந்து நீர்த்தொட்டிகள் வழியாக இறங்கிக் கடக்க வேண்டும். முதல் தொட்டிக்குள் நுழைந்ததும் பின்னால் இரும்புக் கதவுகள் மூடின. முன்னால் இரண்டு கப்பல்கள். தண்ணீர் இறங்க இறங்க இருபுறமும் கான்கிரீட் சுவர் ஈரத்தோடு மேலே ஏறியது. வானம் ஒரு பட்டையாகச் சுருங்கியது.

தெங் இதற்காகவே வந்தவன். கப்பலின் இருபுறமும் சுவரை நோக்கி ஒவ்வொரு மைக் கட்டியிருந்தான். அவள் வாசிக்க, அந்தச் சுவர்கள் திருப்பிக் கொடுப்பதைப் பதிய வேண்டும். அவன் தன் ஹெட்போனில் பெட்டி செய்வதைக் கேட்பான். அவள் தன் ஹெட்போனில் மைக்குகள் எடுப்பதைக் கேட்க வேண்டும். அப்படித்தான் வேலையைப் பிரித்திருந்தான்.

வாசித்தாள். வலது காதில் சுவர் பதில் சொன்னது. யாரோ மிகப் பெரிய அறையில் அவளுடைய மூச்சையே வாங்கி விடுவதுபோல் இருந்தது. இடது பக்கம் எப்போதும்போல ஒன்றும் இல்லை. மேல் கோட்டைப் பார்த்தாள். துள்ளியது. ஹெட்போனை ஒரு தடவை மாற்றிப் போட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. இரண்டு கையும் ஷெங்கில் இருந்தன. இரண்டடி தள்ளித் தெங் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கட்டைவிரலை உயர்த்திக் கேட்டான். அவள் தலையாட்டினாள்.

ஐந்து தொட்டிக்கும் சேர்த்து நான்கு மணி நேரம் ஆயிற்று. ஐந்திலும் தலையாட்டினாள்.

கடைசிக் கதவு திறந்து ஆறு விரிந்ததும் தெங் பதிவின் கடைசிப் பகுதியைப் போட்டுக் கேட்டான். அவன் முகம் மாறுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. எழுந்து இடது பக்கத்து ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தான். நடுவில் ஓர் இணைப்பு பாதி கழன்று தொங்கியது. அதற்கு மேலே கம்பியில் நான்கு ஈரத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன.

"வெறும் இரைச்சல்," என்றான். "கடைசித் தொட்டி முழுக்க இடப்பக்கம் ஙொய்னு ஒரு இரைச்சல்." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பினான். "அக்கா, இந்தத் துணிய யார் போட்டது?"

"நான்தான். ஏன்?"

"ஒயர இழுத்துட்டீங்க."

"உன் கயித்த நான் தொடவே இல்லப்பா. தாண்டித்தான் போனேன்."

"தாண்டுறப்ப கால் பட்டிருக்கும்."

கேப்டன் இறங்கி வந்தார். "அந்தப் பக்கம் போகாதன்னு காலையிலேயே சொன்னேனா இல்லையா?"

"ஆமா, நாலு நாள் துணி நாறிக்கிட்டே இருக்கட்டும். மூணாவது தொட்டியில நிக்கிறப்பதான் போட்டேன். பாத்துத்தான் போட்டேன்." லியாவ் துண்டுகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள். குரல் இறங்கியிருந்தது. "பட்டிருந்தா எனக்குத் தெரியாதா?"

"திரும்ப மேல போய் வரிசையில நிக்க யாரு விடுவா?" என்றான் தெங். "ஒரு பக்கத்துச் சுவர வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

 லியாவ் ஈரத் துண்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சட்டை நனைந்தது.

தெங் ஷூயானிடம் வந்தான். அவளுடைய வலது பக்கமாக, தற்செயலாக.

"முதல்ல நல்லாத்தானே இருந்துச்சு? நீ தலையாட்டினியே. அப்புறம்தான் போயிருக்கு. எந்தத் தொட்டியில போச்சுன்னு நீயே சொல்லு. மூணாவதா?"

மூவரும் அவளைப் பார்த்தார்கள். மூன்று என்று சொன்னால் போதும். லியாவ்கூட நம்பிவிடுவாள், தன் கால்தான் பட்டது என்று. ஷூயான் ஷெங்கின் வாயைத் துடைத்து மடியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியாது," என்றாள்.

"தெரியாதுன்னா? கேட்டுக்கிட்டுத்தானே இருந்த?"

"கோட்டத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இரைச்சலுக்கும் அது துள்ளும்."

"கோட்ட எதுக்குப் பாக்குற?"

"அக்காவ ஒண்ணும் சொல்லாத தெங். முதல் தொட்டியிலேயே கழண்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஜூன் மாசத்துலேருந்து எனக்கு இடது காது கேக்காது."