பாதி விளிம்புச் சர்க்கரை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் தானாக உதித்ததல்ல. அண்ணி கேட்டு எழுதுவது. ஹோட்டல் பாரில் ஆறு வருடமாகக் கிளாஸ் கழுவுகிறவர், காக்டெயில் கலக்கும் கவுண்டருக்குப் போக ஆசைப்பட்டார். "எழுதறதுதான் எழுதற, என்னை அழ வெச்சுடாத" என்று ஒரே ஒரு நிபந்தனை.

2

'விடியலில் அவர் விரல்களில் ஆரஞ்சின் மணம்...'

(வேண்டாம். அண்ணி படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.)

நேராக விஷயத்துக்கு வருகிறேன். மதிய விருந்துக்கு இருபது கிளாஸ். விளிம்பெல்லாம் ஆரஞ்சுத்தோல் சர்க்கரை. மேனேஜர் வைத்த பரீட்சை இது. தேறினால் கவுண்டர், இல்லாவிட்டால் பழையபடி கழுவுதொட்டி. அண்ணி முந்தின நாளே வீட்டில் தோலைச் சீவி, காயவைத்து, சர்க்கரையோடு பொடித்து டப்பாவில் போட்டுவைத்தார். கிளாஸைச் சாய்த்து, விளிம்பின் வெளிப்பக்கம் மட்டும் எலுமிச்சை தடவி, பொடியில் உருட்ட வேண்டும். உள்பக்கம் ஒட்டினால் பானத்தில் கரைந்து திகட்டிவிடும்.

காலையில் பாரில் டப்பாவைத் திறந்தால் பாதிதான் இருந்தது.

3

(இங்கே கதாசிரியர் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ருசி பார்க்கிறேன் பேர்வழி என்று ராத்திரி மீதிப் பாதியைத் தின்று தீர்த்தது நான்தான். அண்ணி கேட்டதால் எழுதுகிறேன் என்றது பாதி நிஜம். மனசு உறுத்தியது, அதுதான் மீதி.)

அண்ணி அசரவில்லை. இருபது கிளாஸிலும் பாதி விளிம்புக்கு மட்டும் ஒட்டினார்.

"என்னம்மா, ஒரு பக்கம் மொட்டையா இருக்கு?"

"தித்திப்பு வேணும்னா இந்தப் பக்கம், வேண்டாம்னா அந்தப் பக்கம் சார். குடிக்கிறவங்க இஷ்டம்."

மேனேஜர் ஒரு கிளாஸைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பினார்.

4

முடிவு அ: சர்க்கரைப் பக்கம் குடித்து, "நாளைலேருந்து கவுண்டருக்கு வந்துடு" என்கிறார்.

முடிவு ஆ: மொட்டைப் பக்கம் குடித்து, கிளாஸைக் கழுவுதொட்டிப் பக்கம் தள்ளிவிட்டுப் போகிறார். அண்ணி இருபது கிளாஸையும் கழுவி... (நிபந்தனை ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன்.)

இரண்டையும் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "எது வேணா எழுதிக்கோ. ஆனா சர்க்கரையைத் தின்னவன் யாருன்னு மறைக்காம எழுது" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி?"

"காலைல உன் மோவாயில ஒட்டியிருந்துச்சேடா, திருட்டுப் பூனை!"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரண்டு பேரும் சிரித்தோம்.

எனவே வாசகரே, கிளாஸ் உங்கள் கையில். எந்தப் பக்கம் வேண்டுமோ திருப்பிக்கொள்ளுங்கள். நான் சொல்லமாட்டேன். அடுப்படியில் இப்போது தட்டுத் தட்டாக ஆரஞ்சுத்தோல் காய்கிறது. டப்பா மட்டும் எனக்கு எட்டாத மேல்தட்டுக்குப் போய்விட்டது.