ஏழின் மேல்கோடு

அக்காவின் கணவர் தையல்காரர். கண்ணில் புரை முற்றி, அளவு நாடாவை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்க்கும் நிலைக்கு வந்திருந்தார். எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்ற பேச்சு எழுந்தபோது அவளுடைய தம்பிதான் முந்திக்கொண்டான்.

“பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கண்ணாஸ்பத்திரிக்கே போங்க மாமா. அவங்க வெப்சைட்ட வடிவமைச்சதே நான்தான்.”

சொல்லும்போது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தத் தளத்துக்கு அவன் தேர்ந்தெடுத்த எழுத்துரு அலுவலகத்தில் எல்லோரையும் வாய் பிளக்க வைத்திருந்தது. நெட்டுக்கோடுகள் தடிமன், படுக்கைக்கோடுகள் மயிரிழை, நிறம் வெளிர் சாம்பல். ஆஸ்பத்திரியில் போன் எடுக்கும் பெண் மட்டும், “எழுத்து கண்ணுக்கே தெரியலையே சார்” என்றாள். அதை அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அறுவை சிகிச்சை நாளன்று மாலை மாமாவைப் பார்க்கப் போனான். கண்ணில் கட்டு இல்லை. முகம் மட்டும் கடுகடுவென்றிருந்தது.

“காலைல ஏழு மணிக்கு வரச் சொன்னத உங்க அக்கா வெப்சைட்ல பாத்து மத்தியானம் ஒரு மணின்னு படிச்சு வச்சிருக்கா. போய் நின்னா, டாக்டர் கெளம்பிட்டாராம். இனி ஆறு வாரம் கழிச்சுத்தான் தேதி. எட்டாங்கிளாஸ் படிச்சவள நம்பினேன் பாரு, என்னச் சொல்லணும்.”

அக்கா போனை எடுத்துக்கொண்டு வந்து தம்பியிடம் நீட்டினாள்.

“நீயே பாருடா. இது ஒண்ணுதானே?”

பார்த்தான். அவளுடைய சின்னத் திரையில், காலையா மதியமா என்று போடாத அந்த நேரத்தில், ஏழின் மேல்கோடு காணாமலே போயிருந்தது. எஞ்சியிருந்தது சற்றே சாய்ந்த ஒரு குச்சி. யார் படித்தாலும் ஒன்று என்றுதான் படிப்பார்கள். மாமா அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏழுதான்க்கா. கொஞ்சம் நிதானமாப் பாத்திருக்கலாம்.”

அக்கா போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், போன் எடுக்கும் பெண்ணின் முன் நின்றான்.

“நேரம் மாறி வந்தவங்க வேற யாராவது உண்டாங்க?”

“ரெண்டு மாசத்துல பதினொரு பேர் சார். நாங்களும் அவங்களத்தான் திட்டி அனுப்பினோம்.”

அவனால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அடுத்த மூன்று நாளும் நோயாளிகள் காத்திருக்கும் கூடத்திலேயே உட்கார்ந்தான். நான்கு எழுத்துருக்களைப் பழைய போன் ஒன்றில் ஏற்றி, வந்தவர்களிடம் நீட்டிப் படிக்கச் சொன்னான். மூன்றும் எட்டும் குழம்புகிறதா, ரகரமும் துணைக்காலும் வேறு வேறாகத் தெரிகிறதா, புள்ளி கண்ணில் படுகிறதா என்று குறித்துக்கொண்டான். அழகென்று அவன் நினைத்த இரண்டில் எல்லோரும் தடுக்கி விழுந்தார்கள். பள்ளிப் பாடப்புத்தகம் போலிருந்த ஒன்றை மட்டும் கண்ணைச் சுருக்காமல் மளமளவென்று படித்தார்கள். அதையே வைத்தான். அளவைக் கூட்டினான், சாம்பலைக் கறுப்பாக்கினான், வரிகளுக்கு நடுவே இடம் விட்டான்.

வேலை முடிந்தது. உறுத்தல் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போய், மாமா இருக்கும்போதே சொன்னான்.

“அக்கா மேல தப்பே இல்ல மாமா. நான் வச்ச எழுத்து அப்படி. அது ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு.”

அக்கா கேட்டாள், “அன்னைக்கே உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் நிதானமாப் பாருன்னு சொன்னியா?”

அவன் தலை தொங்கிப்போயிற்று.

மாமா தொண்டையைச் செருமினார். “நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்” என்றார் சுவரைப் பார்த்து.

“பத்து நாளா கடைச் சீட்டக்கூட ரெண்டு தடவ படிக்கிறேன்டா” என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் அவனுக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

புதிய தேதி வந்தது. முந்தின நாள் அவன் போன் செய்து, “இப்ப பளிச்சுனு தெரியுதாக்கா?” என்று கேட்டான்.

“தெரியுது. காலைல ஏழு மணி” என்றாள். “இருந்தாலும் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு ரெண்டு பேர்கிட்ட கேட்டுக்கிட்டேன்” என்றாள்.