எழுதினால் வண்டி நகராது

வீட்டுக்குள் நுழைந்ததும் உடையப்பன் செய்த முதல் காரியம், அப்பச்சி என்று அவன் கூப்பிடும் தகப்பனாரின் சடலத்தின் தலைமாட்டில் இருந்த நெல் மரக்காலைத் தடுமாறி உதைத்துக் கவிழ்த்ததுதான். அதன் மேலிருந்த விளக்கு உருண்டு அணைந்தது. நெல், வளவு முற்றம் முழுவதும் இறைந்தது. அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். தோளில் பட்டை வைத்த வெள்ளைச் சட்டையும், கழற்ற மறந்த பூட்ஸுமாக நின்றான். டகோட்டா விமானத்தை மழையிலும் பூப்போல இறக்குகிறவன் என்று கம்பெனியில் பெயர். சொந்த வீட்டு நிலைப்படியில் இறங்கிய லட்சணம் இது.

"மொதல்ல பூட்ஸைக் கழட்டுப்பா," என்றார் ஆத்தாவின் தம்பி ராமசுப்பிரமணியன். "பிளேன் ஓட்டுறவன் மாட்டுவண்டியில வந்திருந்தாக்கூட நேத்தே வந்திருப்பான்."

"பிளேன்ல கோளாறு அம்மான்."

கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. அரிமளத்துக்கு வருகிற பஸ்ஸே பாதி நாள் வழியில் நின்றுவிடும். ஆகாயத்தில் போவது மட்டும் நிற்காதா?

விமானம் தானாக நிற்கவில்லை. அவன்தான் நிறுத்தினான்.

முந்தின நாள் காலையில், அப்பச்சிக்கு முடியவில்லை, உடனே வா என்று மெட்ராஸில் தந்தி வந்தது. அன்றைக்கு அவனுக்குப் பெங்களூர் வழியாகத் திருச்சி போகிற விமானம். சம்பளமும் வாங்கிக்கொண்டு அப்பனைப் பார்க்கப் போகிற ஒரே பிள்ளை நான்தான் என்று தன்னையே கேலி செய்தபடி ஏறினான். பெங்களூரில் இறங்கும்போது வலது எஞ்சினின் எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் ஒருமுறை படுத்து எழுந்தது. பிறகு இன்னொரு முறை.

அங்கே இருந்த எஞ்சினியர் ரெங்கசாமி தலையைச் சொறிந்தார். "சார், வாயால சொல்லிட்டீங்க, போதும். மெட்ராஸ் திரும்பினதும் எழுதிக்கலாம். எல்லாரும் அப்படித்தானே செய்றாங்க? இங்க லாக் புக்ல எழுதிட்டீங்கன்னா நான் பாத்துக் கையெழுத்துப் போடுற வரைக்கும் வண்டி நகராது. எங்கிட்ட ஸ்பேரும் இல்லை."

எழுதாமல் விடுவதென்றாலும் சும்மா விட முடியாது. குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திருச்சியில் அவன் இறங்கியதும் அதே விமானத்தை எடுக்கப் போகிறவன் ராமு. போன மாதம்தான் கல்யாணமான பையன். அவனிடம் வாயால் சொல்லலாம். அவனும் அடுத்தவனிடம் வாயால் சொல்வான். இப்படி வாய் வாயாகவே ஒரு கோளாறு ஊர் சுற்றி வருவதை உடையப்பன் பார்த்திருக்கிறான்.

எழுதினான். பயணிகள் திட்டினார்கள். வேறு ஆள் வராமல் விமானத்தை விட்டுவிட்டு ரயிலேறவும் முடியாது. மறுநாள் காலை ஸ்பேர் வந்தபோதுதான் தெரிந்தது: எஞ்சின் குதிரை மாதிரி இருக்கிறது. முள்ளுக்குப் போகிற சின்னக் குழாயில் கசிவு. கோளாறெல்லாம் முள் காட்டியளில்தான்.

அப்பச்சி அன்று விடியும்போதே போய்விட்டிருந்தார்.

நெல்லை அள்ளி மரக்காலை நிறுத்தி விளக்கை மறுபடி ஏற்றினார்கள். உடையப்பனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கடைசியில் அப்பச்சி தன்னைத் தேடினாரா?

ஆத்தாவிடம் கேட்டான். அவள் அவன் கன்னத்தைத் தடவி, "எப்பப்பா சாப்பிட்டே?" என்றாள்.

சுடுகாட்டுக்குப் போகும்போது அம்மானிடம் கேட்டான். "அதெல்லாம் இப்ப எதுக்கு? நல்ல சாவுப்பா. படுத்துக் கெடக்கலை, யாருக்கும் பாரமில்லை."

வீட்டு வேலைகளைப் பார்க்கும் முனியசாமி, கொள்ளி வைத்துத் திரும்பும்போது தானாகவே வந்து சொன்னார்: "பெரியவுக சிரிச்ச முகமாப் போனாகய்யா." டாக்டரைக் கூட்டிவரப் புதுக்கோட்டைக்குப் போய், எல்லாம் முடிந்தபிறகு வந்து சேர்ந்தவர் அவர்.

எல்லாரும் ரெங்கசாமி மாதிரியே, குறையை எழுதாமல் கடத்திவிடப் பேசினார்கள்.

ஊருணியில் தலைமுழுகிவிட்டு வந்தான். மொட்டைத் தலையில் காற்றுப் பட்டது. பக்கத்து வீட்டில் ஆக்கிக் கொண்டுவந்த சோற்றை இரண்டாங்கட்டில் இலைபோட்டு, அவனுக்கு ஆச்சியான அக்காள் சேதுலட்சுமி பரிமாறினாள். அப்பச்சியின் பக்கத்தில் கடைசிவரை இருந்தவள் அவள்தான். வேறு யாரும் அங்கே இல்லை.

"ஆச்சி, பிளேன் தானா நிக்கலை. நான்தான் எழுதி நிறுத்துனேன்."

கரண்டி நின்றது. "எஞ்சின் கெட்டுப்போச்சா?"

"இல்லை. நல்லாத்தான் இருந்துச்சு."

"நல்லா இருக்குன்னு தெரிஞ்சா நிறுத்துனே?"

"தெரியலை. தெரியலைன்னா நிறுத்தணும். அதுக்குத்தான் சம்பளம்."

"நல்ல வேலைதான் பாத்தே, போ," என்றாள். கோபமா என்று அவனுக்குப் புரியவில்லை. அவளுக்கே புரிந்ததாகவும் தெரியவில்லை. இரண்டு பேருமே தூங்கி எத்தனையோ நேரமாகியிருந்தது.

"வாரவன் போறவனெல்லாம் எனக்குச் சக்கரையைத் தடவுறான். நீ அப்படிச் சொல்லாதே ஆச்சி. அப்பச்சி என்னையக் கேட்டாகளா?"

சேதுலட்சுமி ரசச் சட்டியைக் கையில் எடுத்தாள்.

"கேட்டாக. பொழுது சாஞ்சதுலேருந்து கேட்டாக. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் 'அவனான்னு பாரு'ன்னாக. நானும் எந்திரிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்தேன். கடைசி பஸ்ஸும் போச்சு. அதுக்கப்பறம் கேக்கலை. செவத்துப் பக்கமா திரும்பிக்கிட்டாக. பேசவும் இல்லை."

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள். சோற்றில் அவன் குழி செய்து வைத்திருக்கவில்லை. ரசம் இலையின் ஓரம் வரை ஓடி, தரையில் இறங்கியது. அவனும் கை வைத்துத் தடுக்கவில்லை. அவளும் ஊற்றுவதை நிறுத்தவில்லை.