வெறும் வெண்ணெய் மீன்கள்

குன்வோருக்கு மீன் என்றால் உயிர். பெர்கன் துறைமுகத்தை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் அவளுடைய டிரவுட் மீன்கள் ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டியில், கறுப்புத் துணி மூடிக் கிடந்தன. பாதி மீன்களின் வயிற்றில் பதற்ற ஹார்மோனைக் கோகோ வெண்ணெயில் கலந்து ஊசி போட்டிருந்தாள். மீதிக்கு வெறும் வெண்ணெய். ஹார்மோன் ஏறிய மீனின் இதயம் வேகமாக அடிக்கும், ஆக்சிஜனை அள்ளிக் குடிக்கும்; வெறும் வெண்ணெய் மீன் தன் பாட்டுக்குச் சும்மா கிடக்கும். இந்த வித்தியாசத்தைக் காட்டினால்தான் அவளுக்கு முனைவர் பட்டம். ஈஸ்டர் விடுமுறை முடிந்ததும் கூடத்தை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

வித்தியாசம்தான் வந்து தொலையவில்லை. இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி படபடத்துக்கொண்டிருந்தன.

"ஊசியை மாத்திப் போட்டுட்டியா?" என்றான் பக்கத்து மேசை ஹால்வார்.

"என்னையும் உன்னை மாதிரி நினைச்சியா?"

"சரி விடு. ஈஸ்டருக்கு எங்க மலைக் குடிலுக்கு வா. ஊரே கிளம்புது, வருஷா வருஷம் நீ மட்டும் மீனுக்குக் காவல்."

"நான் வந்துட்டா அதுங்களை யாரு பாத்துக்குவா?"

உண்மையில் யாரும் பார்க்க வேண்டியதில்லை. தண்ணீர், காற்று, அளவு எல்லாவற்றையும் இயந்திரமே கவனித்துக்கொள்ளும். ஆனாலும் குன்வோர் மணிக்கொரு தடவை துணியை விலக்கி, "என்னடா செல்லம், மூச்சு வாங்குதா?" என்று கேட்காமல் இருக்க மாட்டாள். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படித் தாங்கியதில்லை.

அன்று சாயங்காலம், மீன்களின் அளவுகள் கோடுகளாக ஓடும் திரையில் ஒரு கோடு மட்டும் தாழ்ந்து கிடப்பதைக் கவனித்தாள். வெறும் வெண்ணெய் மீன். இதயம் நிதானமாக அடித்தது, ஆக்சிஜன் செலவும் கொஞ்சம்தான். பம்புக்குப் பின்னால், கை எட்டாத மூலையில் இருக்கும் பெட்டி அது. அதன் துணியை அவள் ஒரு நாளும் விலக்கியதில்லை.

மற்ற கோடுகளைத் திரும்பப் பார்த்தாள். மணிக்கொரு தடவை எல்லாம் எகிறியிருந்தன. அடங்குவதற்குள் மறுபடியும் எகிறியிருந்தன.

புது மீன்களுக்கு ஊசி போட்டுப் பெட்டிகளில் விட்டாள். துணியை இழுத்து மூடினாள். பனிச்சறுக்குப் பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஹால்வாரோடு மலைக்குக் கிளம்பிவிட்டாள்.

குடில் வாசலில், வெயிலுக்கு முகம் காட்டி எல்லாரும் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். குன்வோர் கைபேசியில் ஆய்வுக்கூடத்து அளவுகளைத் திறந்தாள். கோடுகள் இரண்டாகப் பிரிந்திருந்தன. ஹார்மோன் மீன்கள் மேலே. மற்றவை கீழே, அப்படியொரு நிம்மதியில். பட்டம் கைக்கு வந்த மாதிரிதான். சந்தோஷமாக இருந்தது, கூடவே அழுகையும் வந்தது.

"என்னாச்சு, திரும்பவும் கோளாறா?" என்றான் ஹால்வார்.

"எல்லாம் சரியா இருக்கு. இத்தனை நாளும் அதுங்க என்னைப் பாத்துத்தான் பயந்திருக்கு."

சிரிக்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "அதான் நீ நினைச்சது வந்துடுச்சே. அளந்து முடிஞ்சதும் ஆசை தீரப் பாத்துக்கோ."

"நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு," என்றாள். "நான் வெளியவே நிக்கிறேன்."